சாக்பீஸ் லாரிக்குள் ஒரு கல்யாணச் சமையல்

எங்கள் பட்டறையில் சனிக்கிழமை சாயங்கால மீட்டிங் என்றால் தட்டுவடை செட் வந்தே ஆக வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே ஒரு தட்டுவடை, கீழே ஒரு தட்டுவடை, நடுவில் துருவிய காரட், பீட்ரூட், வெங்காயம், கொஞ்சம் காரச் சட்டினி. மேலே இருப்பதும் மொறுமொறு, கீழே இருப்பதும் மொறுமொறு. இரண்டையும் பிரியாமல் பிடித்து வைத்திருப்பது நடுவில் இருக்கிற ஈரம்தான். அந்த மீட்டிங்கில் காரட் துருவல் நான்.

மேல் தட்டுவடை என் அண்ணன். கீழ்த் தட்டுவடை என் வீட்டுக்காரர். மூன்று பேரும் சேர்ந்து நாமக்கல்லுக்கு வெளியே லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை நடத்துகிறோம். கம்பெனியிலிருந்து லாரி என்று வந்து சேர்வது வெறும் எலும்புக்கூடு. சக்கரம், இஞ்சின், நீளமாக இரண்டு இரும்புச் சட்டம், அவ்வளவுதான். சேஸ் என்போம். அதன்மேல் டிரைவர் உட்காரும் கேபினையும் சரக்கு ஏற்றும் பாடியையும் கட்டி, பெயிண்ட் அடித்து, எலுமிச்சம்பழம் நசுக்கி அனுப்பி வைப்பது எங்கள் தொழில். கட்டுகிற வேலையை மேஸ்திரியும் ஆட்களும் பார்த்துக்கொள்வார்கள். என்ன கட்டுவது, எப்படிக் கட்டுவது என்று முடிவு செய்வது நாங்கள் மூவர். அதற்குத்தான் மாடி அறையில் அந்த மீட்டிங்.

அண்ணனுக்கு எதையும் தூரத்திலிருந்து பார்த்தால்தான் பார்த்த மாதிரி. முட்டை லாரிக்குப் பாடி கட்டித் தாருங்கள் என்று ஒருவர் வந்து நின்றால், அந்த லாரி போகப்போகிற ஊர்கள், அந்த ஊர்களிலிருந்து நம்மைத் தேடி வரப்போகிறவர்கள், அவர்களுக்காக நாம் போடவேண்டிய இரண்டாவது ஷெட் என்று காற்றில் விரலால் படம் போட ஆரம்பித்துவிடுவார். வேடிக்கை என்னவென்றால், அவர் பேசப் பேச அந்தப் படம் எனக்கும் தெரியும். ஷெட்டின் கூரைக்கு என்ன நிறம் என்றுகூடத் தெரியும்.

வீட்டுக்காரருக்கு எதுவானாலும் மூக்குக்கு நேரே வர வேண்டும். அதே முட்டை லாரிக்கு அவர் கேட்கும் முதல் கேள்வி, பின்கதவின் கீலுக்குள் மழைத் தண்ணீர் இறங்கினால் எந்த வழியாக வெளியேறும் என்பது. இடுப்பில் எப்போதும் ஓர் அளவு டேப் தொங்கும். கல்யாணத்துக்குக் கூட்டிப்போனால் குனிந்து மேடைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கிற கட்டையைப் பார்ப்பார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அதற்குப் பிறகுதான் பார்ப்பார்.

இருவரும் நல்லவர்கள். இருவர் சொல்வதும் சரி. அதுதான் தொல்லையே. ஒருவராவது தப்பாகப் பேசினால் அவர் வாயை அடக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம். ஒருமுறை சேலத்தில் ஓர் ஓட்டலில் நடந்த நிர்வாகப் பயிற்சி வகுப்புக்கு மூவரும் போனோம். கோட்டுப் போட்ட ஒருவர், தொலைநோக்கு உள்ளவர்கள் எல்லாம் இந்தப் பக்கம், நுணுக்கம் பார்ப்பவர்கள் எல்லாம் அந்தப் பக்கம் என்று பிரித்து உட்காரச் சொன்னார். இவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டார்கள். "இவங்க ரெண்டு பேரையும் வச்சுக் குடும்பம் நடத்தறவங்க எங்க உட்காரணும்?" என்று நான் கேட்டேன். அதற்குள் டீ இடைவேளை வந்துவிட்டது.

போன ஆவணியில் ஆட்டையாம்பட்டியிலிருந்து ஒரு பெண்மணி வந்தார். கல்யாணம், காது குத்து, கிரகப்பிரவேசம் எல்லாவற்றுக்கும் ஒப்பந்தம் பேசிச் சமைத்துப் போடுகிறவர். கூடப் பிறந்தவர்கள் எல்லாம் தறி ஓட்ட, இவர் மட்டும் கரண்டியைப் பிடித்துக்கொண்டாராம். என்னைவிட மூத்தவராக இருந்ததால் அக்கா என்றே கூப்பிட்டேன். ஒரு பை நிறையக் கைமுறுக்கை மேஜைமேல் வைத்துவிட்டு, விஷயத்துக்கு நேராக வந்தார்.

"மண்டபத்துல சமைக்கறதுல ஒரு கஷ்டமும் இல்லீங்க. குலதெய்வக் கோவிலுக்குப் போறப்பத்தான் உசுரு போகுது. கோவில் எல்லாம் காட்டுக்குள்ள. காத்தடிச்சா அடுப்பு அணையுது. மழை பேஞ்சா சாம்பாரு ரசமாயிருது. எனக்கு லாரி மேலயே ஒரு அடுப்படி கட்டிக் குடுங்க. அடுப்படியே கோவிலுக்கு வரட்டும்."

அப்படி ஒன்றை நாங்கள் கட்டியதில்லை. அக்காவுடைய தம்பி மகளுக்குக் கார்த்திகையில் குலதெய்வக் கோவிலில் காது குத்து வைத்திருந்தார்கள். முதல் சமையல் அங்கேதான் என்று அவர் முடிவே செய்துவிட்டார். நாங்களும் சரி என்று தலையாட்டினோம்.

அடுத்த சனிக்கிழமை மீட்டிங்கில் தட்டுவடை வருவதற்கு முன்பே அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"மாப்ள, இது ஒரு வண்டி இல்லீங்க. நாளைக்கு ஈரோடு, கரூரு, பொள்ளாச்சின்னு ஊருக்கு ஒண்ணு ஓடும். கொங்கு நாட்டுல எந்தக் கோவில்ல நோம்பின்னாலும் நம்ம வண்டி நிக்கும்."

"நிக்கட்டுங்க மச்சான்," என்றார் வீட்டுக்காரர். "அதுக்கு முந்தி, அடுப்புக்கு அடியில வழியற தண்ணி எங்க போகுதுன்னு சொல்லுங்க."

"தண்ணி கெடக்குதுங்க. மொதல்ல வண்டி எப்படி இருக்கோணும்னு ரோசனை பண்ணுங்க."

"தண்ணி நின்னா ப்ளேட்டு துருப் புடிக்குமுங்க."

"பேனைப் பெருமாளாக்கறதே உங்களுக்கு வேலையாப் போச்சு!"

அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்காரர் அதிகம் பேசாத மனிதர். பேசாதவர்கள் பேசினால் அப்படித்தான் வந்து விழும். "கூரை ஏறிக் கோழி புடிக்க முடியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்," என்றார். அளவு கேட்க வந்த மேஸ்திரி அங்கேயே உட்கார்ந்திருந்தார். தனியாகச் சொல்லியிருந்தால் அண்ணன் சிரித்திருப்பார். மேஸ்திரி எதிரில் சொன்னதும் முகம் சுருங்கிவிட்டது. செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். அதற்குள் வந்திருந்த இரண்டு தட்டுவடை செட்டை மேஸ்திரி எனக்கு முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு அவரும் போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது. அப்போது தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. இருவரும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்துகொண்டு என் வழியாகப் பேசினார்கள். "பாப்பா, உன் ஊட்டுக்காரர்கிட்ட அந்தச் சாவியக் கேளு," என்பார் அண்ணன். சாவி இவர் முன்னால் மேஜைமேல் இருக்கும். அண்ணன் கைக்கு எட்டும் தூரம்தான். "உங்கண்ணங்கிட்டச் சொல்லு, சாவி மேஜை மேல இருக்குதுன்னு," என்பார் இவர். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளம் பேசவும் வேண்டும் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரு நாள் வீட்டுக்காரர் ஓரிடம் பார்த்துவிட்டு வரலாம் என்று என்னைச் சங்ககிரிப் பக்கம் கூட்டிப்போனார். சும்மா கிடக்கும் பெரிய ஷெட். முன்பு வைக்கோல் லாரிகளை நிறுத்தி வைத்த இடம். கேட்டைப் பார்த்தால் யானை அம்பாரியோடு நிமிர்ந்தே உள்ளே போகலாம், அவ்வளவு உயரம். வழக்கம்போல டேப்பை இழுத்து அளந்தார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "இந்த அடுப்படி வண்டி முடியட்டும். அப்புறம் நான் இங்க தனியாத் தொழில் பண்ணிக்கறேன். மச்சானுக்கும் தொந்தரவு இல்லை," என்றார்.

இதை அண்ணனிடம் சொன்னேன். "போறதுன்னா போகட்டும்," என்றார் ஜன்னலைப் பார்த்தபடி.

 பட்டறை இரண்டானால் பரவாயில்லை, பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் எனக்குத் தாய்வீடு என்று இருப்பது அண்ணன் வீடுதான். பொங்கலுக்கு நான் எந்த வாசலில் போய் நிற்பேன்? ஒரு வீட்டில் சிரித்தால் இன்னொரு வீட்டில் அது குற்றமாகிவிடும். சாந்தமாக இருந்து பார்த்தேன். அது என் பழக்கம் இல்லை, அதனால் பலிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. புது மாதிரிப் பாடி என்றால் மேஸ்திரி ஷெட்டின் தரையில் சாக்பீஸால் அதை முழு அளவில் வரைந்துவிடுவார். காகிதத்தில் எத்தனை படம் போட்டுக் கொடுத்தாலும் வெல்டிங் ஆட்கள் நம்ப மாட்டார்கள். தரையில் கிடப்பதைத்தான் நம்புவார்கள். அன்று அடுப்படி வண்டி தரையில் படுத்திருந்தது. படியிலிருந்து பார்த்தபோது மொத்த வண்டியும் ஒரே பார்வையில் தெரிந்தது. இந்தப் பக்கம் அடுப்பு, அந்தப் பக்கம் பாத்திரம், நடுவில் நடை, ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. அண்ணன் காற்றில் போட்ட அதே படம். கீழே இறங்கிக் குனிந்தேன். ஒவ்வொரு கீலும், ஒவ்வொரு போல்ட்டும், தண்ணீர் வழியும் ஓட்டையும் குறிக்கப்பட்டிருந்தன. வீட்டுக்காரர் கேட்டுக் கேட்டு வாங்கிய அதே நுணுக்கம். மேலே நின்றால் அவருடைய வண்டி, கீழே குனிந்தால் இவருடைய வண்டி. தரையில் கிடந்தது ஒரே வண்டிதான். இந்த இரண்டு மனிதர்களையும் நாற்காலியில் உட்கார வைத்துப் பேச விட்டதுதான் தப்பு என்று எனக்குப் பளிச்சென்று பட்டது.

உடனே ஆட்டையாம்பட்டி அக்காவுக்குப் போன் செய்தேன். சனிக்கிழமை ஆட்களோடும் பாத்திரங்களோடும் வந்துவிடச் சொன்னேன்.

சனிக்கிழமை வந்தது. இன்று மீட்டிங் கீழே, நாற்காலி கிடையாது என்றேன். அண்ணனும் வீட்டுக்காரரும் முறைத்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். அங்கே அக்கா, உதவிக்கு வரும் இரண்டு பெண்கள், வேனிலிருந்து இறக்கிய அண்டாக்கள், கரண்டிகள். எங்கள் வீட்டு ஆண்களைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். வீட்டுச் சண்டையை வாடிக்கையாளர் முன்னால் காட்ட மாட்டார்கள். வந்தவர் முன்னால் தங்கக் கம்பிகள். "வாங்க, வாங்க," என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"இன்னைக்கு இந்தக் கோட்டுக்குள்ள ஒரு கல்யாணச் சமையல் நடக்கப் போகுது," என்றேன். "அண்ணா, நீங்க உள்ள. அக்கா சொல்ற வேலையச் செய்யுங்க. ஏனுங்க, நீங்க வெளிய. வாசக் கேட்டுக்குப் பக்கத்துல நில்லுங்க. நீங்கதான் கல்யாண ஊட்டுக்காரர். ஒறம்பரைச் சனம் எங்க நிக்குது, பந்தி எங்க, வண்டி எங்க நிக்கோணும், எல்லாம் உங்க பொறுப்பு."

கேட் அருகே போனதும் இவர் கை தானாக இடுப்புக்குப் போயிற்று. எங்கள் கேட்டையே அளக்க ஆரம்பித்துவிட்டார். கல்யாண வீட்டுக்காரருக்கு டேப் எதற்கு என்று பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். டேப் இல்லாமல் அவர் நின்ற நிலையைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார்.

அண்ணன் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு கோட்டுக்குள் இறங்கினார். அக்கா விரட்ட ஆரம்பித்தார்.

"சாம்பார் அண்டா இங்க. ரசம் அங்க. பாயசத்த அடுப்புல இருந்து எறக்குங்க. எறக்கியாச்சா? எங்க வெப்பீங்க?"

அண்ணன் காலி அண்டாவைத் தூக்கிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தார். இடம் இல்லை.

"ஐயோ, சுவத்து மேல நடக்கறீங்க!" என்று கத்தினார் அக்கா. கீழே பார்த்தால், சாக்பீஸ் கோட்டின்மேல் நிற்கிறார். ஆட்கள் வெல்டிங்கை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அண்ணனுக்கு நெற்றியில் வியர்வை. "பாப்பா, அப்பளம் பொரிக்கறவங்க முழங்கை ரசத்துல படுது," என்றார் ஏதோ கண்டுபிடித்தவர்போல. என் அண்ணன் வாயில் முழங்கை என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன்.

வெளியிலிருந்த ஒரு அண்டாவை அவர் உள்ளே தூக்கி வந்தபோது அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏனுங்க, இந்த அண்டாவோட எப்படி உள்ள வந்தீங்க?"

"பின்கதவு வழியாத்தானுங்க."

"அந்தக் கதவு தரையிலயா இருக்கும்? வண்டி நிக்கறப்ப அது எவ்வளவு ஒசரம்?"

 ஓரத்தில் நின்றிருந்த உண்மையான சேஸை எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அதன் சட்டமே அண்ணன் நெஞ்சுக்கு வந்தது. லாரிப் பாடி கட்டுகிறவர்களுக்கு உலகமே சேஸுக்கு மேலேதான் ஆரம்பம். நாங்கள் எதை அளந்தாலும் சட்டத்திலிருந்து மேலேதான் அளப்போம். கீழே இருக்கிற சரக்கு மேலே போவது லோடுமேன் கவலை. ஊரூராக ஓடும் வண்டியை அண்ணன் பார்த்திருந்தார். ஓட்டையையும் கீலையும் வீட்டுக்காரர் பார்த்திருந்தார். சமைக்கிறவர் எப்படி ஏறுவார் என்று இருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

"ஏணி வெச்சுக்கலாமுங்க," என்றார் மேஸ்திரி மெதுவாக.

"சேலையக் கட்டிக்கிட்டு, கொதிக்கற சாம்பாரோட, ஏணியிலயா?" என்று கேட்டார் அக்கா. கேட்டுவிட்டு அவரே சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு தொற்றிக்கொண்டது. அண்ணன் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்போது கேட் பக்கமிருந்து, "மச்சான்!" என்று ஒரு சத்தம். சண்டைக்குப் பிறகு இவர் அண்ணனை நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"பின்கதவே வேண்டாமுங்க மச்சான். இங்க இருந்து பாத்தா நல்லாத் தெரியுது. ஒறம்பரை பூரா இந்தப் பக்கம். பந்தியும் இந்தப் பக்கம். பின்னால கதவு வெச்சா அண்டா வண்டியச் சுத்திக்கிட்டு வரோணும். லாரிக்கு சைடு டோர் எறக்கறமில்ல, அந்த மாதிரி சைடையே எறக்கி, சங்கிலி போட்டுப் பாதியில படுக்கையா நிறுத்தினா அதுவே மேடை. மேடைக்கு ரெண்டு பக்கமும் படி."

கையை வீசி வீசிப் பேசினார். டேப் இல்லாத கை அவ்வளவு தூரம் நீளும் என்று இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாது.

அக்கா உதட்டைப் பிதுக்கினார். "சங்கிலியில தொங்கற பலகை மேல எம்புள்ளைங்கள நிக்க வெக்க மாட்டேனுங்க. ஆடுமில்ல?"

அண்ணன் அண்டாவிலிருந்து எழுந்தார். "ஆடும். கால் குடுக்கோணும். மாப்ள, கால் குடுத்தாலும் பத்தாதுங்க. நான் போகாத கோவில் இல்லை. எந்தக் கோவில் காட்டுலயும் தரை சமமா இருக்காது. ஒரு பக்கம் மேடு, ஒரு பக்கம் பள்ளம். காலுக்கு அடியில திருகு வெச்சு ஒசரத்தக் கூட்டிக் கொறைக்க முடியுமா? மழை பேஞ்சா சேத்துல எறங்காம அடியில அகலமாப் பட்டை வேணும். எத்தன அகலம் வெக்கலாம்?"

எத்தனை அகலம் என்று என் அண்ணன் கேட்டார். இவர் கேட்டிலிருந்து ஓடியே வந்தார். வந்து என்னிடம் கையை நீட்டினார். நான் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்துக் கொடுத்தேன். இருவரும் தரையில் முட்டி போட்டு, ஒருவர் நுனியைப் பிடிக்க ஒருவர் இழுக்க, பழைய கோட்டைத் துண்டால் அழித்துப் புதிதாகப் போட ஆரம்பித்தார்கள்.

"இவங்க ரெண்டு பேரும் எப்பவும் இப்படித்தானுங்களா?" என்று அக்கா என் காதில் கேட்டார்.

"எப்பவும் இப்படித்தானுங்க அக்கா," என்றேன் கண் இமைக்காமல்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் மீட்டிங் தரையில்தான். தொடங்குவதற்கு முன்னால் யார் உள்ளே, யார் வெளியே என்று நான் மாற்றி மாற்றி நிறுத்துவேன். இருவரும் மறுபடியும் சண்டை போட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நேருக்கு நேர் போட்டார்கள். எனக்கு அதுவே திருவிழாவாக இருந்தது. சங்ககிரி ஷெட்டுக்காரர் மட்டும் போன் செய்துகொண்டே இருந்தார். "பாத்துச் சொல்றேனுங்க," என்று இவர் சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் போன் வரும்போதெல்லாம் நான் காதைத் தீட்டிக்கொள்வேன். கேட்டால் எங்கே வேறு பதில் வந்துவிடுமோ என்று நானும் கேட்கவில்லை.

கார்த்திகையில் வண்டி கோவிலுக்குப் போயிற்று. காலையிலிருந்தே தூறல். காற்று வேறு. பக்கவாட்டைச் சாய்த்து, காலைத் திருகி நிறுத்தி, அக்காவும் அவர் ஆட்களும் படியில் ஏறிப் போய் அடுப்பைப் பற்ற வைத்தார்கள். அணையவில்லை. அண்ணன் சேற்றில் மண்டியிட்டு மேடையின் ஒவ்வொரு காலையும் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் தூரத்தில், புளியமரத்தடியில், குடை பிடித்துக்கொண்டு மொத்த வண்டியையும் பார்த்தபடி நின்றார். குழந்தை காது குத்தும்போது வீறிட்டு அழுதது. கையில் வெல்லத்தைக் கொடுத்ததும் ஓய்ந்தது.

பந்தியில் எனக்கு ஒரு பக்கம் அண்ணன், மறுபக்கம் வீட்டுக்காரர். சோறு வந்தது, சாம்பார் வந்தது. அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, என்னைத் தாண்டி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க மாப்ள, அந்தச் சங்ககிரி ஷெட்டு என்னாச்சுங்க?"

பிசைந்த சோற்றிலேயே என் கை நின்றுவிட்டது.

வீட்டுக்காரர் அப்பளத்தை நொறுக்கினார். "அது சரிப்படாதுங்க மச்சான். கேட்டு ஒசரம் பத்தாது."

"அளந்து பாத்தீங்களா?"

"ரெண்டு தடவை அளந்தேனுங்க."

வைக்கோல் லாரி முட்டாமல் போய்வந்த கேட் அது. என் வீட்டுக்காரர் பிறந்ததிலிருந்து ஓர் அளவைத் தப்பாகச் சொன்னதில்லை. லாரித் தொழிலில் இருக்கும் எல்லோரையும்போல அண்ணனுக்கும் அந்த ஷெட் நன்றாகத் தெரியும். கறிவேப்பிலையை எடுத்து இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்தார்.

"ஆமாங்க மாப்ள," என்றார். "நானும் பாத்திருக்கேன். கேட்டு சின்னதுதான்."

சந்தோஷத்தில் எனக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டிவிட்டது. முந்தானையால் துடைத்தேன். நிற்கவில்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பி, என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

"ரசம் காரம்," என்றேன்.

இருவரும் என் இலையைப் பார்த்தார்கள்.  ரசம் இன்னும் எங்கள் வரிசைக்கு வரவேயில்லை.